அநேகமாகத் தைராய்டு

கமா சாருக்கு அந்தப் பெயர் ஒரே ஒரு கமாவால் வந்தது. ஏதோ ஒரு டாக்டர் எழுதிய குறிப்பில் இரண்டு வியாதிகளுக்கு நடுவே கமா இல்லை. அதை இரண்டு வியாதியாக எண்ணிய ஊழியருக்கு இவர் மார்க்கை வெட்டினார். வெட்டு வாங்கியவர் மதியச் சாப்பாட்டுக்குள் பெயரை வைத்தார், சாயங்காலத்துக்குள் ஆபீஸின் நாலாவது மாடி முழுக்கப் பரவிவிட்டது. கமா சார் கோபித்துக்கொள்ளவில்லை. "முற்றுப்புள்ளின்னு வைக்காம விட்டாங்களே, அதுவரைக்கும் மரியாதைதான்" என்று தானே சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். அவருடைய ஜோக்குகளுக்கு அவரே சிரித்தாக வேண்டிய நிலைமை அப்போதே வந்திருந்தது.

அங்கே வேலை இதுதான். ஆஸ்பத்திரிகளிலிருந்து நோயாளிகளின் குறிப்புகள் கம்ப்யூட்டரில் வந்து விழும். ஊழியர்கள் ஒவ்வொன்றாகப் படித்து, வியாதிக்கு ஏற்ற குறியீட்டு எண்ணைப் போடுவார்கள். போட்டது சரியா என்று பார்த்துத் தப்புக்கு மார்க்கைக் குறைப்பது கமா சார். பதினோரு வருஷமாக அந்த நாற்காலி.

விதி ஒன்றும் கஷ்டமில்லை. வந்து பார்த்துவிட்டுப் போகிற நோயாளிக்கு டாக்டர் 'இருக்கிறது' என்று எழுதினால் வியாதி இருக்கிறது. 'இருக்கலாம்', 'அநேகமாக', 'சந்தேகம்' என்று எழுதினால் இல்லை. அப்போது நோயாளி என்ன அவஸ்தை சொன்னாரோ அதற்குத்தான் எண்: சோர்வு, தலைவலி, இருமல், ஏதோ ஒன்று. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மைக் வைத்துக் கத்தினாலும், டாக்டர் தன் கையால் வியாதியின் பெயரை எழுதாதவரை காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்.

கமா சார் இந்த விதியை வீட்டுக்கும் கொண்டுபோனார்.

"காய்ச்சல் மாதிரி இருக்குங்க" என்பாள் மனைவி.

"மாதிரிக்கெல்லாம் எண் கிடையாதும்மா."

"காபியும் கிடையாது. நீங்களே போட்டுக்குங்க."

அவர் எழுந்து இருவருக்கும் காபி போடுவார், அவள் நெற்றியையும் தொட்டுப் பார்ப்பார். மனசு அப்படி. விதிதான் இப்படி.

நாலாவது மாடியில் எல்லாருக்கும் ஏ.சி. போதவில்லை. ஒரு பெண்ணுக்கு மட்டும் அதிகமாக இருந்தது. ஹார்மோன் வியாதிகள் பிரிவில் ஜன்னலோர இருக்கை அவளுக்கு. பழுப்பு நிற ஸ்வெட்டர் ஒன்றைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கைநீளத்தை விரல்வரை பிடித்துக்கொண்டு தட்டச்சு செய்வாள். 'ஸ்வெட்டர்' என்ற பெயரை வைத்தது கமா சார்தான். பெயர் வாங்கியவனுக்குப் பெயர் வைக்கவும் ஆசை வருமில்லையா.

"ஸ்வெட்டர், மலையிலிருந்து எப்ப இறங்கப் போறீங்க?"

"குளுருது சார்."

"எங்களுக்கெல்லாம் வேர்க்குது. ஆளுக்கு ஒரு கை ஸ்வெட்டரைக் கிழிச்சுக் குடுத்தீங்கன்னா கர்ச்சீப்பா வச்சுக்குவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். குரல் கட்டியிருந்ததால் சிரிப்பு பழைய கதவு திறக்கிற மாதிரி வந்தது, அதற்கு இன்னொரு தரம் சிரித்தார்கள். அவள் முடி கொத்துக் கொத்தாக விசைப்பலகையில் விழுந்தது. பக்கத்து இருக்கைக்காரன் அதைப் பொறுக்கி ஒரு பேனாவின் முனையில் கட்டி, 'பெயின்ட் பிரஷ் விற்பனைக்கு' என்று சீட்டு ஒட்டி அவள் மேஜையில் வைத்தான். முகம் உப்பியிருந்தது. "தூங்கி எழுந்து வந்திருக்காங்க" என்றாள் ஒருத்தி. "எங்க எழுந்தாங்க? அப்படியே தூக்கிட்டு வந்துட்டாங்க" என்றார் கமா சார்.

அந்தப் பிரிவில் பன்னிரண்டு பேர். நாள் முழுக்க அவர்கள் படித்ததே தைராய்டு நோயாளிகளின் குறிப்புகள்தான். குளிர் தாங்கவில்லை, முடி கொட்டுகிறது, குரல் கம்மியிருக்கிறது, முகம் வீங்கியிருக்கிறது, அசதி. ஒரு நாளைக்கு நூறு தரம் படித்துவிட்டு, நிமிர்ந்து ஜன்னலோரம் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடி குனிந்து நூற்றி ஓராவதைப் படித்தார்கள்.

ஒரு காலத்தில் அந்த மாடியிலேயே வேகமானவள் அவள்தான். இப்போது இரண்டு மாதமாக இலக்கில் பாதியைத் தொடவில்லை. மூன்று மாதம் தொடர்ந்து தொடாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது எச்.ஆர். பெண் கமா சாரைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டாள்.

"சார், ஸ்வெட்டர் அவங்க டாக்டர்கிட்ட மெடிக்கல் சர்டிஃபிகேட் கேட்டிருக்காங்க. கிளினிக்லேர்ந்து நேரா எங்க மெயிலுக்கே வந்திருக்கு. நிர்வாகம் வச்சிருக்கிற பட்டியல்ல இருக்கிற வியாதின்னா ஆறு மாசத்துக்கு இலக்குல பாதி போதும். பட்டியல் பூரா உங்க எண்ணுங்கதான். எங்களுக்கு ஒரு எழவும் புரியலை. நீங்களே எண்ணைப் போட்டுக் குடுத்துடுங்க."

"தைராய்டு உண்டா பட்டியல்ல?"

"தைராய்டுல எந்த வியாதியா இருந்தாலும் உண்டு சார். சும்மா சோர்வு, அசதின்னா கிடையாது. அப்படின்னா எனக்கே குடுக்கணும்."

கமா சார் தன் இருக்கைக்கு வந்து கோப்பைத் திறந்தார். டாக்டரின் முடிவு தெளிவான எழுத்தில் இருந்தது: 'அநேகமாக நாள்பட்ட தைராய்டு அழற்சி. சோர்வு. ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கவும்.'

அவர் கண் அந்த முதல் வார்த்தையில் போய் உட்கார்ந்தது. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

மதியம் அவள் தானே வந்தாள். கையில் மடித்த காகிதம்.

"ரத்த ரிப்போர்ட் வந்துடுச்சு சார். பாருங்களேன்."

பார்த்தார். தைராய்டைத் தன் உடம்பே தாக்குகிறதா என்று காட்டுகிற அந்த எண் இருக்க வேண்டியதைப்போல் நாற்பது மடங்கு இருந்தது. இதைவிட அப்பட்டமான ரிப்போர்ட்டைப் பதினோரு வருஷத்தில் அவர் பார்த்ததில்லை.

"இது..." என்றார்.

"ஆமா சார்."

"ஆனா டாக்டர் இன்னும்..."

"எழுதலை சார். 'அநேகமாக'ன்னு இருக்குன்னு எச்.ஆர்.லயே சொன்னாங்க. நேத்துகூட இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு, சோர்வுன்னுதான் போட்டேன். போன வருஷம் ஒரு தரம் ரிப்போர்ட்டைப் பார்த்து வியாதியைப் போட்டதுக்கு நீங்க சிவப்புல எழுதினீங்க, 'நீங்கள் டாக்டர் இல்லை'ன்னு."

"எழுதினேனா?"

"மூணு ஆச்சரியக்குறி போட்டு சார்."

கமா சாருக்குக் காது சூடேறியது. "அடுத்த அப்பாயின்ட்மென்ட் எப்பம்மா?"

"ஆறு வாரம். அந்த டாக்டர் அங்க செவ்வாய்க்கிழமைதான் வர்றாரு, இடமே இல்லையாம். போன் பண்ணா ரிசப்ஷன்ல எடுக்கிற அம்மா என்னைப் பேசவே விட மாட்டேங்கறாங்க." அவள் ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீங்க ஒரு வார்த்தை பேசினா அவரு கேப்பாரு சார். 'அநேகமாக'வை அடிச்சுட்டு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். வீட்டுக்காரருக்கும் வேலை போயி நாலு மாசம் ஆச்சு. இதுவும் போச்சுன்னா எப்படின்னு தெரியலை."

"அடிக்கச் சொல்லக் கூடாதும்மா. பதிலை நம்ம வாயாலயே எடுத்துக் குடுக்கற மாதிரி ஆயிடும். முறைப்படி கேள்வி அனுப்பறேன். எழுத்துல. நானே எழுதறேன்."

அவள் கும்பிட்டாள். ஒரு கேள்வித்தாளுக்கு இவ்வளவு பெரிய கும்பிடை அவர் அதுவரை வாங்கியதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார். நாலு தரம் அடித்து எழுதினார். விதிப்படி கேள்வி டாக்டரை எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது. கண்டதைச் சொல்லலாம், இதுதானே என்று கேட்கக் கூடாது. டிக் அடிக்க ஐந்து கட்டங்கள் கொடுக்க வேண்டும், அதில் ஒன்று 'மருத்துவரீதியாகத் தீர்மானிக்க இயலவில்லை' என்றிருக்க வேண்டும்.

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"'மேற்கண்ட கண்டறிதல்களின் மருத்துவ முக்கியத்துவத்தைத் தெளிவுபடுத்துமாறு வேண்டப்படுகிறது'... இது என்னங்க, டாக்டருக்குக் கேள்வியா, தண்டனையா?"

"முறை இப்படித்தான்."

"அந்தப் பொண்ணுக்கு அந்த வியாதி இருக்குதா இல்லையான்னு கேட்டா ஆகாதா?"

"கேக்கவே கூடாது. வேலைக்கே உலை."

"யாரு வேலைக்கு?"

அவர் கட்டங்களை எந்த வரிசையில் வைப்பது என்பதில் மூழ்கியிருந்தார். தைராய்டு அழற்சியை முதல் கட்டத்தில் வைத்தால் தான் அந்தப் பெண்ணுக்குச் சாய்வதாக யாராவது சொல்லிவிடுவார்கள். இரண்டாவதில் வைத்தாலும் கொஞ்சம் சாய்வுதான். கடைசியில் அதை நாலாவதில் வைத்தார். தன் நடுநிலையை இன்னும் பளிச்சென்று காட்ட, 'தீர்மானிக்க இயலவில்லை'யை முதலில் வைத்தார். படித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. மனிதர் நிம்மதியாகத் தூங்கினார்.

பதில் ஐந்தாம் நாள் வந்தது. முதல் கட்டத்தில் டிக். கீழே ரப்பர் ஸ்டாம்ப்.

கமா சார் கிளினிக்குக்குப் போன் செய்தார். ரிசப்ஷன் அம்மாள் வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு பேசினாள்.

"ஆமா, நான்தான் அனுப்பினேன். டாக்டர் உள்ள ஒருத்தர் கழுத்துல ஊசி போட்டுக்கிட்டு இருந்தாரு. கதவுகிட்ட நின்னு படிச்சேன். முத வரி படிக்கறதுக்குள்ள 'என்னம்மா இது, ஏதாவது ஒண்ணைப் போட்டு அனுப்பு, அவங்க வரும்போது பாத்துக்கலாம்'னாரு. முதல்ல இருந்ததைப் போட்டேன்."

"முழுசாப் படிச்சுக் காட்டலையா?"

"அய்யா, அதை நீங்க முழுசாப் படிப்பீங்களா?"

"மறுபடி ஒரு தரம் அனுப்பினா..."

அனுப்பினா என்று சொல்லும்போதே அவருக்கு விதி ஞாபகம் வந்தது. வேண்டிய பதில் வரும்வரை அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது. போனை வைத்துவிட்டார்.

மாதக் கடைசி நாள் மேனேஜர் அவர் மேஜைக்கே வந்தார். மேனேஜர் நல்லவர் இல்லை, ஆனால் சோம்பேறி. சில நேரம் இரண்டும் ஒரே பலனைத் தரும்.

"கமா சார், அந்த ஸ்வெட்டர் விஷயம். புது ஆளைப் பிடிச்சு, பழக்கி, தலைவலி எனக்கு. நீங்க என்ன எண்ணைப் போட்டாலும் நான் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன். புரியுதா?"

"புரியுது சார்."

"நல்லாப் புரியுதா?"

"நல்லாவே புரியுது சார்."

மேனேஜர் போய்விட்டார். திரையில் ஒரு காலிக் கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது. தைராய்டு அழற்சிக்கான எண் கமா சாருக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரியும். அதைத் தட்ட மூன்று விநாடி. விரலை வைத்தார். இந்தப் பதினோரு வருஷத்தில் தான் மார்க் வெட்டிய ஒவ்வொரு முகமும் வரிசையாக வந்து நின்று, 'எங்களுக்கு மட்டும் ஏன் சார்?' என்று கேட்பதாகத் தோன்றியது. அதோடு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவருடைய கணக்கில் இதுவரை ஒரு தப்புகூட இல்லை. நூற்றுக்கு நூறு. மாடியில் வேறு யாருக்கும் அது கிடையாது. தலை வழுக்கை, தொப்பை, ஸ்வெட்டரைப் பற்றியதைத் தவிர வேறு எந்த ஜோக்குக்கும் பிறர் சிரிப்பதில்லை. இந்த நூறு ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியிருந்த அழகு.

ஆர் ஐம்பத்து மூன்று என்று தட்டினார். சோர்வு.

அன்று மாலை ஐந்து மணிக்கு அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து பத்துக்கு வெளியே வந்தாள். மேஜையைக் காலி செய்ய ஒரு பிளாஸ்டிக் பை போதுமாக இருந்தது. பக்கத்து இருக்கைக்காரன் மும்முரமாகத் திரையைப் பார்த்தான். கமா சார் லிஃப்ட்வரை கூடவே போனார்.

"என்னால முடிஞ்சது அவ்வளவுதாம்மா."

"உங்க மேல என்ன சார் தப்பு? நானா இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்" என்றாள். அவள் அதை மனசாரச் சொன்னாள். லிஃப்ட் வருகிறவரை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்று வாரம் போனது. பிறருக்கு மார்க் போடுகிறவருக்கும் மார்க் போட ஒருத்தி உண்டு. வேறு கிளையிலிருந்து மாதம் ஒருமுறை பத்துக் கோப்புகளைச் சும்மா உருவிப் பார்ப்பாள். இதுவரை கமா சாரிடம் அவளுக்குப் பேச்சே இருந்ததில்லை. அன்று போன் செய்தாள்.

"அண்ணா, ஒரு கோப்புல ஒரு எண் விட்டுட்டீங்க. நம்ம ஊழியர் ஒருத்தரோட சர்டிஃபிகேட்."

"அதுவா? அது 'அநேகமாக'ம்மா. கேள்விகூட அனுப்பினேன்."

"அது சரிண்ணா, முதல் பக்கம். இரண்டாம் பக்கம் பாத்தீங்களா? கழுத்தைத் தொட்டுப் பாத்து எழுதியிருக்காரே. 'காய்ட்டர் இருக்கிறது, தைராய்டு இருபுறமும் வீங்கியுள்ளது.' அநேகமாகவும் இல்லை, ஒண்ணும் இல்லை. நேரடியா எழுதியிருக்காரு. அதுக்குத் தனி எண் இருக்கே."

கமா சார் கோப்பைத் திறந்தார். இரண்டாம் பக்கம் இருந்தது. அதுபாட்டுக்கு இருந்தது, முதல் நாளிலிருந்தே. காய்ட்டர் என்கிற கழுத்துக் கழலையும் தைராய்டு வியாதிதான். எந்தத் தைராய்டு வியாதியானாலும் பட்டியலில் உண்டு. கேள்வி வேண்டியதில்லை, கட்டங்கள் வேண்டியதில்லை, யார் தயவும் வேண்டியதில்லை. விதிப்படியே அவள் அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கலாம். கடைசிவரை உருட்டிப் பார்க்காதவர்களுக்கு இவர் வெட்டிய மார்க்குகளை அடுக்கினால் மாடி தாங்காது.

"தொண்ணூறு போடறேண்ணா. கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

மேனேஜரிடம் போனார். மேனேஜர் கேட்டுவிட்டு வெகுநேரம் மூக்கைச் சொறிந்தார்.

"அன்னைக்குத் தட்டுல வச்சுக் குடுத்தேன், உங்களுக்கு எடுக்கத் தெரியலை. இப்ப நானாத் திறக்க மாட்டேன். திறந்தா உங்க பழைய கோப்பையெல்லாம் தோண்டச் சொல்வாங்க. உங்க நாற்காலி போகும், எனக்கும் நல்லதில்லை. அந்தப் பொண்ணா, வேலை போன முப்பது நாளுக்குள்ள இந்த வரியைக் காட்டி எழுதிக் கேட்டா, திரும்ப வேலைக்கு எடுத்துத்தான் ஆகணும், வேற வழியில்லை. ஆனா அவளுக்கு எப்படித் தெரியும்? சர்டிஃபிகேட் அவ கையிலேயே இல்லையே." எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "நான் எதுவும் சொல்லலை. நீங்க எதுவும் கேக்கலை."

அன்றிரவு சாப்பிடும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பரிமாறுவதை நிறுத்தினாள்.

"எத்தனை நாள் பாக்கி?"

"ஒன்பது."

"நாளைக்கே போய்ச் சொல்லுங்க."

"என் நாற்காலி..."

"நாற்காலி போனா தரையில உக்காருங்க. அந்தப் பொண்ணைப் பார்த்துச் சொல்லிட்டு வாங்க."

நாளைக்கே போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. வேலை இருந்தது, மழை இருந்தது, ஒரு நாள் இரண்டும் இல்லாதபோது வயிறு சரியில்லாமல் இருந்தது. இருபத்தெட்டாம் நாள் மனைவி அவர் சட்டைப் பையில் இரண்டாம் பக்கத்தின் நகலைத் தானே மடித்து வைத்து, கதவுக்கு வெளியே தள்ளாத குறையாக அனுப்பினாள்.

மூன்றாவது மாடி, குறுகலான படி. கதவைத் திறந்தது அவள் கணவர்.

"யாரு வந்திருக்காங்க பாரு" என்று உள்ளே குரல் கொடுக்கும்போதே அவள் வந்துவிட்டாள். வீட்டுக்குள்ளும் அதே ஸ்வெட்டர். முகம் இன்னும் உப்பித்தான் இருந்தது.

"சார்! நீங்களா! இவருதாங்க நான் சொன்னேனே. எனக்காக டாக்டருக்கே லெட்டர் எழுதினவரு."

கணவர் இருந்த ஒரே நல்ல நாற்காலியிலிருந்து துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டார். "உக்காருங்க சார். அந்த மாடியில நீங்க ஒருத்தர்தான் மனுஷன்னு தினம் சொல்லுவா. மத்தவனுங்க முடியைக் கட்டி விளையாடினானுங்களாமே."

கமா சார் உட்கார்ந்தார். சட்டைப் பையில் காகிதம் சரசரத்தது.

"உடம்பு எப்படிம்மா?"

"மாத்திரை இன்னும் ஆரம்பிக்கலை சார். செவ்வாய்க்கிழமைதான் டாக்டர். காலையில எழுந்திரிக்கத்தான் முடியலை. இவரு தினக்கூலிக்கு மூட்டை தூக்கப் போறாரு, பழக்கமில்லை, முதுகு பிடிச்சுக்கிச்சு. மத்தபடி ஒண்ணுமில்லை." அவள் டீயை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள், டம்ளரைவிட்டுக் கையை எடுக்க மனமில்லாமல், சூட்டுக்காக ஒரு நொடி கூடுதலாகப் பிடித்திருந்தாள். "ஏதாவது விஷயமா வந்தீங்களா சார்?"

அவர் வாயைத் திறந்தார். கணவரும் மனைவியும் அவரையே பார்த்தார்கள், நல்ல சேதி கொண்டுவந்தவரைப் பார்க்கிற மாதிரி. அந்த மாதிரி யாரும் அவரைப் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் அடுத்த நிமிஷம் அந்தப் பார்வை என்ன ஆகும் என்று நினைத்தார்.

"சும்மாதாம்மா. இந்தப் பக்கம் வந்தேன்."

"சார், ஒரு உதவி கேக்கலாமா? ஒரு எடத்துல வேலைக்கு மனு போட்டிருக்கேன். நீங்க ஒரு சான்று எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"அதுக்கென்ன!" என்றார் அவர். அவ்வளவு வேகமாக. கணவர் ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார். கமா சார் தொடையில் புத்தகம் வைத்து எழுதினார்: நேர்மையானவர், வேகமானவர், நான் பார்த்தவர்களில் மிகச் சிறந்தவர். ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. கணவர் அதை வாங்கிச் சத்தமாகப் படித்தார். அவள் ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவரை வந்து வழியனுப்பினாள்.

கீழே தெருவுக்கு வந்ததும் போன் அடித்தது. மனைவி.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சொல்லிட்டீங்களா?"

பேருந்து ஒன்று உறுமிக்கொண்டு போனது. அது போய் முடிகிறவரை நின்றார்.

"சொல்லிட்டேன்" என்றார்.

மறுமுனையில் அவள் மூச்சை விடுவது கேட்டது. "எனக்குத் தெரியும், நீங்க சொல்லிடுவீங்கன்னு. சும்மா திட்டிக்கிட்டே இருக்கேன் உங்களை. அவ என்ன சொன்னா?"

"டீ குடுத்தா" என்றார் கமா சார்.